வேப்பமரத்தடியில் வீணாகக் கிடக்கும் கொல்லை மூலையை 15,000 ரூபாய்க்குள் எப்படிச் சீரமைப்பது?

கேட்டவர்: திருச்சி மருமகள்

அனைவருக்கும் வணக்கம். திருச்சிப் புறநகரில் உள்ள எங்கள் வீட்டுக் கொல்லையின் தென்மேற்கு மூலையில், 14 அடி நீளமும் 11 அடி அகலமும் உள்ள ஓர் இடம் பல ஆண்டுகளாக யாருக்கும் பயன்படாமல் கிடக்கிறது. நடுவில் ஒரு பெரிய வேப்பமரம் நிற்கிறது. வீட்டின் நிழலும் மரத்தின் நிழலும் சேர்ந்துகொள்வதால், பிற்பகல் இரண்டு மணியிலிருந்து நான்கரை வரை மேற்குச் சுவரை ஒட்டிய ஒரு பட்டையில் மட்டுமே நேர்வெயில் விழுகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் குளியலறையை இடித்துக் கட்டியபோது மிஞ்சிய செங்கல் துண்டுகளையும் உடைந்த ஓடுகளையும் காரைக்கட்டிகளையும் அங்கேயே கொட்டிவிட்டோம். எட்டடி தள்ளியிருக்கும் துவைக்கிற கல்லிலிருந்து நாள்தோறும் ஏழெட்டு வாளி சோப்புத் தண்ணீர் அந்தக் குவியலுக்கு அடியில் போய்த் தேங்குவதால், மாலையில் கொல்லைக் கதவைத் திறக்க முடியாத அளவுக்குக் கொசு.

முழங்கால் வலியுள்ள என் மாமனார் மாலையில் காற்றாட உட்கார ஓர் இடமும், வீட்டுக்குக் கொஞ்சம் கீரையும், குழந்தைகள் அச்சமின்றி நடமாடத் தூய்மையான தரையும் கிடைத்தால் போதும் என்பது எங்கள் விருப்பம். தோட்டம் அமைத்துத் தருபவர் ஒருவரை அழைத்துக் கேட்டபோது, புல்தரை, நீரூற்று, தரைக்கல் என்று சொல்லி 68,000 ரூபாய் மதிப்பிட்டார். இடிபாட்டை டிராக்டரில் அள்ளிப் போடவே இரண்டு நடைக்கு 7,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். எங்களால் செலவிட முடிந்தது 15,000 ரூபாய். சென்ற ஆண்டு அங்கே நட்ட மூன்று ரோஜாக்களும் பட்டுப்போயின. எலுமிச்சைக் கன்று உயிரோடு இருந்தாலும், அதன் இலைகளில் நரம்பு மட்டும் பச்சையாகவும் மற்ற பகுதி மஞ்சளாகவும் இருக்கின்றன. எதிலிருந்து தொடங்குவது என்று வழி சொல்லுங்கள்.

மறுமொழி: மன்னார்குடிவாசி

சகோதரிக்கு வணக்கம். செடியைப் பற்றியும் இருக்கையைப் பற்றியும் இப்போதைக்கு நினைக்கவே வேண்டாம். உங்கள் மூலையின் சிக்கல் தண்ணீர். அது எங்கே போக வேண்டும் என்பதை முடிவு செய்யாமல் மேலே எவ்வளவு அழகுபடுத்தினாலும் ஒரே மழையில் பணம் சேற்றோடு போய்விடும்.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். யாரோ சொன்னார்கள் என்று எங்கள் கொல்லையில் மூன்றடி ஆழத்துக்கு உறிஞ்சுகுழி வெட்டி, ஜல்லி நிரப்பி, துவைக்கும் தண்ணீரை அதில் விட்டேன். எங்களுடையது டெல்டாவின் களிமண் என்பதைப் பற்றி நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. தண்ணீர் ஒன்பது நாள் அப்படியே நின்றது. குழிக்குச் செலவு செய்தும் கொசு குறையவில்லை, நாற்றம்தான் கூடியது.

ஆகவே முதலில் மண்ணைச் சோதியுங்கள். ஓரடி அகலம், ஓரடி ஆழத்தில் ஒரு குழி தோண்டி, மாலையில் தண்ணீர் நிரப்பி ஊறவிடுங்கள். மறுநாள் காலை மீண்டும் நிரப்பி, ஒரு குச்சியை நட்டு நீர்மட்டத்தில் கோடு கிழித்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். ஓர் அங்குலம்கூட இறங்கவில்லை என்றால் உறிஞ்சுகுழி என்ற பேச்சையே விட்டுவிட்டு, கழிவுநீரை உறிஞ்சி வளரும் கல்வாழைப் பாத்தியின் பக்கம் போவது நல்லது. அருகில் கிணறோ ஆழ்துளைக் கிணறோ இருந்தால், மண் எப்படிப்பட்டதாக இருந்தாலும் நன்றாகத் தள்ளித்தான் குழி வெட்ட வேண்டும்.

மறுமொழி: பழைய மேற்பார்வையாளர்

கட்டட வேலையில் முப்பது ஆண்டுகள் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். அம்மா, அந்த இடிபாட்டை வெளியேற்ற 7,000 ரூபாய் கொடுக்காதீர்கள். உங்களுக்கு வேண்டிய பொருள்களில் பாதி அந்தக் குவியலிலேயே இருக்கிறது. இரண்டு ஆட்களை வைத்து அதை மூன்றாகப் பிரிக்கச் சொல்லுங்கள். முழுச் செங்கல்லும் அரைச் செங்கல்லும் இருக்கைத் தூணுக்கு ஆகும். சிறு துண்டுகள் தண்ணீர்ப் பள்ளத்தை நிரப்பவும் நடைபாதைக்கு அடியில் போடவும் உதவும். காரைத்தூளை மட்டும் மூட்டை கட்டி வெளியேற்றினால் போதும். உங்கள் எலுமிச்சை மஞ்சளாவதற்கும் அந்தக் காரைதான் காரணமாக இருக்க வேண்டும். சுண்ணாம்பும் சிமெண்டும் கலந்த மண்ணில் காரத்தன்மை ஏறிவிடும். சோப்புத் தண்ணீர் அதை இன்னும் கூட்டும். அத்தகைய மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் செடியால் எடுத்துக்கொள்ள முடியாது.

குவியலைக் கையால் கிளற வேண்டாம். இரண்டு ஆண்டுகள் அசையாமல் கிடந்த கல்லுக்கு அடியில் தேளோ பாம்போ இருப்பது வழக்கம். ஆட்கள் கனமான காலணி அணிந்து, கடப்பாரையால் நெம்பி, புரட்டிப் பார்த்த பிறகே எடுக்க வேண்டும்.

இருக்கைக்கு மரப்பலகையைத் தவிர்த்துவிடுங்கள். அங்குள்ள ஈரத்தில் மூன்று ஆண்டுக்குள் கறையான் தின்றுவிடும். ஐந்தடி நீளம், ஒன்றரை அடி அகலத்தில் ஒரு கடப்பாக் கல்லை வாங்கிச் செங்கல் தூண்களின் மேல் பதித்தால் போதுமானது. கல் ஓரங்குல கனம்தான் என்றால் இரண்டு தூண் போதாது; நடுவில் மூன்றாவது தூண் இல்லாவிட்டால், ஒருநாள் மூன்று பேர் சேர்ந்து உட்காரும்போது கல் நடுவில் பிளந்துகொள்ளும். வழக்கமான திண்ணை உயரம் உங்கள் மாமனாருக்கு உதவாது. முழங்கால் வலியுள்ளவர்களுக்கு உட்காருமிடம் தரையிலிருந்து 19 அங்குலமாவது இருக்க வேண்டும். ஊன்றி எழுவதற்கு ஒரு பக்கத்தில் கைப்பிடிச் சுவரும் வேண்டும். கொத்தனாரிடம் வாயால் சொல்லாமல், சுவரில் கரிக்கோடு போட்டுக் காட்டுங்கள்.

தோண்டும்போது கட்டைவிரல் பருமனுக்கு மேற்பட்ட வேப்ப வேர் குறுக்கிட்டால் தூணை நகர்த்துங்கள், வேரை வெட்டாதீர்கள். அடிமரத்தைச் சுற்றி மண்ணைக் குவித்து மேடையாக்கும் ஆசையும் வேண்டாம். அழகாகத்தான் இருக்கும், ஆனால் வேருக்குக் காற்றுப் போகாமல் மரம் மெல்ல நலியும்.

மறுமொழி: கோவை தோட்டக்காரி

மேலே இருவரும் சொன்னதற்குப் பிறகு செடி பற்றி மட்டும் சொல்கிறேன். இரண்டரை மணி நேர வெயிலில் புல்தரை நிற்காது. அதைப் பரிந்துரைத்தவர் அந்த மூலையைப் பிற்பகலில் மட்டும் பார்த்திருக்க வேண்டும். ரோஜாவுக்கும் அதே கதிதான். அரைக்கீரைக்கும் சிறுகீரைக்கும் குறைந்தது ஐந்து மணி நேர வெயில் வேண்டும் என்பதால், கீரையை அந்த மூலையிலிருந்து விலக்கி, வீட்டின் முன்புறமோ மாடியிலோ நான்கைந்து பைகளில் வளர்ப்பதே நல்லது. கேட்டது கிடைக்கவில்லையே என்று வருந்த வேண்டாம். அங்கே வளர விரும்பும் செடிகள் வேறு இருக்கின்றன.

நிழலில் மஞ்சள் நன்றாக வரும். ஆனி மாதத்துக்குள் விரலி மஞ்சளை ஊன்றிவிட்டால் பொங்கலுக்குக் கொத்து மஞ்சள் உங்கள் கொல்லையிலேயே கிடைக்கும். மரத்திலிருந்து நான்கடி தள்ளி, சுவரை ஒட்டி ஆடாதோடை இரண்டு, அதன் முன்னால் கற்பூரவல்லி, இன்னும் முன்னால் மஞ்சள் என்று உயரப்படி நடுங்கள். வெற்றிலைக் கொடியை வேம்பின் மேலேயே ஏற்றலாம். சோப்புத் தண்ணீர் போகும் தடத்தில் கல்வாழை மட்டும் இருக்கட்டும். உண்ணும் கிழங்குகளை, குறிப்பாக மஞ்சளை, அந்தத் தண்ணீர் படாத பக்கம் வையுங்கள். வெள்ளைத்துணிக்கு வெளுப்புத்தூள் போட்டு ஊறவைத்த தண்ணீரைக் கல்வாழைக்கும் விடாதீர்கள். வேப்பிலைச் சருகைப் பெருக்கி எரிக்காமல் பாத்தியின் மேல் மூன்றங்குலம் மூடாக்காகப் பரப்பினால், வாரம் இரண்டு முறை தண்ணீர் விட்டாலே போதும்.

பாம்பு வராமலிருக்கச் சிறியாநங்கை நடச் சொல்லி யாராவது வருவார்கள். செடி நல்ல மூலிகைதான், நடுங்கள். ஆனால் அதை நம்பிக் குழந்தைகளை அங்கே விடாதீர்கள். குப்பையும் எலிவளையும் இல்லாத இடத்துக்குப் பாம்பு வர வேலை குறைவு.

கேட்டவர்: திருச்சி மருமகள்

மூவருக்கும் நன்றி. சோதனை செய்து பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் மூன்றங்குலம் இறங்கியது. உறிஞ்சுகுழி வெட்டலாம் என்று ஆளைக்கூடச் சொல்லிவிட்டேன். ஆனால் என் மாமியார், தென்மேற்கான கன்னிமூலையில் பள்ளம் தோண்டினால் வீட்டுக்கு ஆகாது என்று ஒரே பிடியாக நிற்கிறார். அவரை மீறிச் செய்ய எனக்கு மனமில்லை. சாஸ்திரம் சரியா தவறா என்ற வாதத்துக்கும் நான் வரவில்லை. குழி இல்லாமல் வேறு வழி உண்டா?

மறுமொழி: பழைய மேற்பார்வையாளர்

உண்டு, அம்மா. நீளம், அகலம், ஆழம் மூன்றும் மூன்றடியான குழியில் செங்கல் துண்டு நிரப்பினால், இடைவெளி மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டாலும் சுமார் 250 லிட்டர் பிடிக்கும். உங்கள் ஏழெட்டு வாளித் தண்ணீருக்கு அவ்வளவு தேவையே இல்லை. துவைக்கிற கல்லிலிருந்து மூலை வரை ஓரடி அகலம், ஓரடி ஆழத்தில் நீண்ட வாய்க்காலாக வெட்டி, பாதிக்குச் செங்கல் துண்டும் மேலே மண்ணும் நிரப்பி, இருபுறமும் கல்வாழையை நெருக்கமாக நடுங்கள். வாய்க்கால் மூலைக்கு இரண்டடி முன்பே முடிந்துவிடட்டும். தண்ணீர் வாய்க்காலில் நுழையும் இடத்தில் ஒரு பழைய வாளியின் அடியில் துளையிட்டு, தேங்காய் நாரைத் திணித்து வைத்தால் நூலும் முடியும் அதிலேயே தங்கிவிடும். நாரை மாதம் ஒருமுறை மாற்ற வேண்டும். இதை மறந்தவர்களின் வாய்க்கால்தான் அடைத்துக்கொள்கிறது. அந்த மூலையில் கனம் இருப்பது நல்லது என்றும் அதே சாஸ்திரம் சொல்வதால், கல் இருக்கையை அங்கே போடுவதற்கு உங்கள் மாமியார் மறுப்புச் சொல்ல மாட்டார்.

கேட்டவர்: திருச்சி மருமகள்

நான்கு மாதங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். வாய்க்கால் பள்ளமாகாது என்று மாமியார் ஒப்புக்கொண்டார். ஆட்கூலி 3,600, கொத்தனாருக்கு 1,100, கடப்பாக் கல்லும் ஏற்றுக்கூலியும் 1,050, சிமெண்டும் மணலும் 1,000, குழாய் 700, தொழு உரம் ஒரு வண்டி 1,800, செடிகள் 900 என்று மொத்தம் 10,150 ரூபாய் செலவாயிற்று. இடிபாட்டில் தேடியபோது, எப்போதோ தொலைந்துவிட்டதாக நினைத்திருந்த மாமியாரின் பழைய ஆட்டுக்கல்லும் கிடைத்தது. அதை இருக்கைக்கு அருகில் வைத்துப் பறவைகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறோம். டெங்குவைப் பரப்பும் கொசு பெரும்பாலும் தேங்கிய தெளிந்த நீரில் முட்டையிடும், கொசுவாக மாற எட்டுப் பத்து நாள் போதும் என்று மகனின் பள்ளியில் சொன்னார்களாம். எனவே இரண்டு நாளைக்கு ஒருமுறை அவனே ஆட்டுக்கல் குழியைத் தேய்த்துக் கழுவி நீரை மாற்றுகிறான்.

ஒரு தவறு நேர்ந்துவிட்டது. கரிக்கோடு போட்டுக் காட்டியிருந்தும், தரையில் பின்னர் இரண்டங்குலம் செம்மண் பரப்பப் போவதை நான் கணக்கில் கொள்ளவில்லை. இருக்கை இப்போது 17 அங்குலம்தான் இருக்கிறது. மாமனார் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எழும்போது கைப்பிடிச் சுவரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொள்கிறார். கல்லின் மேல் இரண்டங்குலப் பலகை ஒன்றைக் கழற்றி எடுக்கும்படியாகப் போடலாம் என்றிருக்கிறேன். கறையான் வராமலிருக்க இரவில் அதை உள்ளே எடுத்து வைத்துவிடலாம்.

ஐப்பசியின் முதல் பெருமழையன்று வாய்க்காலில் நின்ற தண்ணீர், இரவு எட்டு மணிக்கு விளக்கை எடுத்துப் போய்ப் பார்த்தபோது முழுவதும் வடிந்திருந்தது. கல்வாழை இடுப்பளவு வளர்ந்து நெருக்கிக்கொண்டிருப்பதால், மழைக்காலம் முடிந்ததும் கிழங்கைப் பிரிக்க வேண்டும். திருச்சியில் யாருக்காவது தேவைப்பட்டால் சொல்லுங்கள். ஒரு சாக்கு நிறையக் கொடுக்கலாம்.