ஒரு ‘ட்’ விட்டுப்போனதால் வந்த வினை

திருப்பூரிலிருந்து:

ஆங்கில வினைச்சொல்லோடு மல்லுக்கட்டிய அனுபவம் இருந்தால் எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். என்னுடையதைச் சொல்கிறேன்.

பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசராக, அதாவது வாங்குபவரோடு பேசி ஆர்டரைக் கவனிப்பவனாகச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. தமிழ் வழியில் படித்தவன். ஆனால் டென்ஸ் அட்டவணை தலைகீழ்ப் பாடம். ‘வாக்’ என்று ஒரு சொல்லைக் கொடுத்தால் பன்னிரண்டு கட்டத்தையும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பேன். ஒருநாள் ஜெர்மனியிலிருந்து பையர், அதாவது எங்களிடம் வாங்குபவர், போன் செய்து, சாம்பிள் என்ன ஆயிற்று என்று கேட்டார். முந்தின நாளே கூரியரில் போட்டாயிற்று. ‘வி ஷிப்ட் தி சாம்பிள்ஸ்’ என்று சொல்ல வேண்டும். என் வாயில் வந்தது ‘வி ஷிப் தி சாம்பிள்ஸ்’. அவர் மறுபடி கேட்டார், நானும் மறுபடி அதையே சொன்னேன்.

இனிமேல்தான் அனுப்பப் போகிறோம் என்று அவர் எடுத்துக்கொண்டார். அனுப்பும் முன் கை நீளத்தை ஒரு சென்டிமீட்டர் குறைத்துவிடுங்கள் என்று மெயில் வந்தது. இங்கே புதிதாக ஒரு செட் தைக்க ஆரம்பித்தார்கள். அதற்குள் பழைய பார்சல் அவர் கையில் போய்ச் சேர்ந்தது. எதைப் பார்த்து அப்ரூவல் கொடுப்பது என்ற குழப்பத்தில் ஒரு வாரம் போனது.

அன்று இரவு முழுக்க யோசித்தேன். எழுத்தில் எனக்குத் தெரிந்தது வாயில் ஏன் வரவில்லை? விடை தமிழ் இலக்கணத்திலேயே இருக்கிறது. நம் மொழியில் எந்தச் சொல்லும் வல்லின மெய்யில் முடியாது. க், ச், ட், த், ப், ற் ஆறுக்கும் கடைசியில் இடமில்லை. அதனால்தான் வாசல் ‘கேட்’ நமக்கு ‘கேட்டு’ ஆகிறது. ஒரு வல்லினத்திலேயே முடிக்கத் தயங்கும் நாக்கு, ‘ப்’பும் ‘ட்’டும் சேர்ந்து வந்தால் ஒன்றை விழுங்கிவிடுகிறது. விழுங்கப்படுவது கடைசி எழுத்து. காலத்தைக் காட்டுவதும் அதே எழுத்துதான்!

விழுங்கக் கூடாது என்று சிலர் எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோல ‘ஷிப்பட்’, ‘பேக்கட்’ என்பார்கள். நானும் கொஞ்ச நாள் அப்படிச் சொன்னேன். ‘பேக்கட்’ என்றால் பொட்டலம் என்றுதான் கேட்பவருக்குப் படும். உண்மையில் எழுத்தில் ‘ed’ என்று வரும் அந்த முடிவுக்கு மூன்று ஓசை உண்டு. ஷிப், பேக், செக், ஃபினிஷ் மாதிரிச் சொற்களுக்குப் பின் அழுத்தமான ‘ட்’. கால், கன்ஃபர்ம், டிலே மாதிரிச் சொற்களுக்குப் பின் ‘வண்டி’யில் வருகிற மெல்லிய ‘ட்’. மூலச்சொல்லே அந்த இரண்டு ஓசைகளில் ஒன்றில் முடிந்தால் மட்டும் தனி அசையாக ‘இட்’: ஸ்டார்ட்டிட், லோடிட், நீடிட். இதை முதலில் யாராவது சொல்லியிருந்தால் பன்னிரண்டு கட்டத்தை அப்புறம் படித்திருப்பேன்.

இன்னொன்றும் பழகிக்கொண்டேன். போனில் இறந்தகாலம் சொன்னால் ‘எஸ்டர்டே’, ‘ஆன் மண்டே’ என்று நாளையும் சேர்த்துச் சொல்வேன். ‘ட்’டுக்குப் பின்னால் ‘தி’ வந்தால் ஆங்கிலேயர் பேச்சிலேயே அது மெலிந்துதான் கேட்கும். நாளைச் சொல்லிவிட்டால் காலம் தவறாது.

மதுரையிலிருந்து:

வல்லின மெய் பற்றி எழுதியிருந்ததைப் படித்ததும் எனக்கும் எழுதத் தோன்றியது. ஓய்வுபெற்ற தமிழாசிரியை நான். சில வருடங்களுக்கு முன் தமிழ் கற்க வந்த ஓர் ஆங்கிலேய மாணவருக்குப் பாடம் சொன்னேன். முதல் வாரமே அவர் கேட்டார்: “அம்மா, இறந்தகாலத்துக்கு உங்களிடம் ஒரே விகுதி கிடையாதா?”

செய்தான், உண்டான், சென்றான், ஓடினான் என்று பலகையில் எழுதினேன். த், ட், ற், இன் என்று நன்னூல் சொல்கிற இடைநிலைகள். அப்புறம் ஒரே சொல்லை எடுத்தேன். நடந்தேன், நடந்தாய், நடந்தான், நடந்தாள், நடந்தது, நடந்தார்கள். அவர் தன் நோட்டில் எதிரே எழுதியது ஒரே சொல், ‘வாக்ட்’. யார் நடந்தாலும் அதுதான். அந்தப் பக்கத்தைப் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. வாக், வாக்ஸ், வாக்ட், வாக்கிங்: மொத்தம் நான்கே உருவங்கள். எதிர்காலத்துக்குத் தனி உருவம்கூட இல்லை, ‘வில்’ என்று ஒரு துணைச்சொல் போதும். இத்தனை கனமான வினைமுற்றைப் பிறந்ததிலிருந்து சுமக்கிற நம் பிள்ளைகள் அந்த நான்கைக் கண்டு பயப்படுவது எனக்கு மனசு கேட்கவில்லை.

கோ-வென்ட்-கான் மாதிரி ஒழுங்கில்லாதவைதான் கஷ்டம் என்று சொல்வீர்கள். அவையும் குறைந்துகொண்டே வருகின்றன. 2007-இல் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. பழைய ஆங்கிலத்தில் இருந்த 177 ஒழுங்கற்ற வினைகளை எடுத்துப் பார்த்தால், இன்றும் அப்படியே இருப்பவை 98 தான். மற்றவை ‘ed’ பக்கம் வந்துவிட்டன. ‘ஹெல்ப்’ என்பதற்கு ஒரு காலத்தில் ‘ஹோல்ப்’ என்றுதான் இறந்தகாலம். தினமும் வாயில் புழங்குகிற சொற்கள் மட்டும் பழைய உருவத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன. புதிதாகப் பிறக்கிற வினையெல்லாம் ‘டெக்ஸ்ட்டிட்’ என்பது போல ஒழுங்கான வழியில்தான் போகிறது.

நாகர்கோவில்காரி, இப்போது இங்கிலாந்தில்:

நான் நர்ஸ். டீச்சர் சொன்னது போல உருவங்கள் எனக்குக் கஷ்டமாக இல்லை. என்னைக் கவிழ்த்தது ‘ஹேவ்’.

வேலைக்கான நேர்காணலில் ‘ஐ ஹேவ் வொர்க்ட் இன் சென்னை லாஸ்ட் இயர்’ என்றேன். தமிழில் நினைத்துப் பாருங்கள். “போன வருடம் சென்னையில் வேலை பார்த்திருக்கிறேன்.” ஒரு குறையும் இல்லாத வாக்கியம். ஆனால் ஆங்கிலத்தில் ‘ஹேவ்’ போட்டால் முடிந்துபோன காலத்தைக் குறிக்கும் சொல் கூடவே வரக் கூடாது. போன வருடம் என்றால் வெறும் ‘வொர்க்ட்’. எப்போது என்று சொல்லாவிட்டால்தான் ‘ஹேவ் வொர்க்ட்’. அடுத்த கேள்விக்கு ‘ஐ ஆம் வொர்க்கிங் அஸ் எ நர்ஸ் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ என்றேன். அதுவும் “ஐந்து வருடமாக வேலை பார்க்கிறேன்” என்பதிலிருந்து வந்ததுதான். ‘ஹேவ் பீன் வொர்க்கிங்’ என்று இருக்க வேண்டும். நம் ‘ஆக’ ஒன்றே செய்கிற வேலைக்கு அவர்களுக்கு இரண்டு துணைச்சொல் வேண்டியிருக்கிறது.

இதெல்லாம் வார்டில் வெறும் இலக்கணம் இல்லை. ஷிஃப்ட் மாறும்போது ‘ஹேஸ் வாமிட்டிட் ட்வைஸ்’ என்றால் இதுவரை இரண்டு தடவை, இன்னும் கவனித்துக்கொள் என்று கேட்பவர் எடுத்துக்கொள்வார். ‘வாமிட்டிட் ட்வைஸ் எஸ்டர்டே’ என்றால் அது நேற்றோடு போனது. அடுத்த நர்ஸ் எதைப் பார்க்க வேண்டும் என்பதே அதில் இருக்கிறது.

எழுதும்போது இன்னொரு சிக்கல். ‘ed’ சேர்க்கும்போது ‘அட்மிட்’டுக்குக் கடைசி எழுத்து ‘t’ இரட்டிக்கும், ‘வாமிட்’டுக்கு இரட்டிக்காது. அழுத்தம் இரண்டாம் அசையில் விழுந்தால் இரட்டிப்பு, முதல் அசையில் விழுந்தால் இல்லை. மூத்த நர்ஸ் ஒருவர் மேசையைத் தட்டிக் காட்டி இதைச் சொல்லிக்கொடுத்தார். அப்புறம் நான் தவறவிட்டதே இல்லை.

திருப்பூரிலிருந்து, மறுபடியும்:

‘டிட் நாட் ஷிப்ட்’ என்று ஏன் சொல்லக் கூடாது என்று ஒருவர் கேட்டிருந்தார். எங்கள் ஆபீசில் புதிதாகச் சேருகிறவர்கள் எல்லோரும் செய்கிற பிழை அது. நான் தமிழைத்தான் காட்டுவேன். “நேற்று அனுப்பினோம்” என்கிறோம். மறுக்கும்போது “நேற்று அனுப்பினோம் இல்லை” என்றா சொல்கிறோம்? “அனுப்பவில்லை” என்கிறோம். ‘இன்’ போய்விட்டது, ‘ஓம்’ போய்விட்டது, வெறும் ‘அனுப்ப’ மட்டும் நிற்கிறது. ஆங்கிலத்திலும் ‘டிட்’ வந்து காலத்தைத் தூக்கிக்கொண்டதும் ‘ஷிப்’ வெறுமனே நிற்கும். இந்த வாரம் சேர்ந்த பெண்ணிடம் இதைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்போ ‘டிட் யூ செக்?’ தான் சரி, இல்லையாண்ணா?” என்றாள். அவள் மெயில் அன்று மாலை திருத்தம் இல்லாமல் போனது.