அடிபட்ட நாய்க்கு இரண்டாவது ஸ்கேன் எதற்கு?

நாகமலைக்காரன்:
இன்று சாயங்காலம் தேனி ரோட்டில் எங்கள் சிப்பிப்பாறையை பைக் இடித்துவிட்டது. தொடையில் சிராய்ப்புதான், எழுந்து நடந்தான். ஆனால் ஈறு வெளுத்திருந்தது. டவுனுக்குத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தோம். டாக்டர் எக்ஸ்ரே எடுக்கவில்லை. வலப்பக்கம் படுக்கவைத்து, முடியைக்கூட மழிக்காமல் ஸ்பிரிட்டை ஊற்றி, வயிற்றில் நாலு இடத்தில் ஸ்கேன் கருவியை வைத்தார். மூன்றே நிமிஷம். "ஒன்றும் இல்லை" என்றவர், ட்ரிப்ஸ் போட்டுவிட்டு, நாலு மணி நேரம் கழித்து மறுபடி பார்க்கணும் என்கிறார். வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். இது பில்லுக்கா?

மேலூர் மாட்டு டாக்டர்:
பில்லுக்கு இல்லண்ணே. இது ஒவ்வொரு உறுப்பாக அலசுகிற ஸ்கேன் இல்லை. ரத்தமோ மூத்திரமோ வயிற்றுக்குள் கசிந்து தேங்கியிருக்கிறதா, அது மட்டும்தான் கேள்வி. இருந்தால் உறுப்புகளுக்கு நடுவே கூர்முனையோடு கறுப்பாகத் தெரியும். உதரவிதானத்தை ஒட்டிய ஈரல், மண்ணீரலும் இடது சிறுநீரகமும், மூத்திரப்பை, வலது சிறுநீரகம்: நாலு இடம், கறுப்புத் தெரியும் ஒவ்வொன்றுக்கும் ஒரு மார்க். வண்டியில் அடிபட்ட 100 நாய்களை இப்படிப் பார்த்து 2004-ல் ஓர் ஆய்வு வந்தது. 45 நாய்களுக்கு உள்ளே நீர் இருந்தது.

வந்தவுடன் பார்த்தால் கசிவு கொஞ்சமாக இருக்கும், கண்ணுக்குச் சிக்காது. ட்ரிப்ஸ் ஏறி பிரஷர் கூடியதும் 0 என்றிருந்தது 2 ஆனதை நானே பார்த்திருக்கிறேன். கறுப்புத் தெரிந்தால் ஊசியில் கொஞ்சம் உறிஞ்சுவார். ரத்தம் உறையாமல் கிடந்தால் பெரும்பாலும் உள்ளே தேங்கிய ரத்தம்தான். மூத்திரமோ என்று தோன்றினால் அந்த நீரிலும் உடம்பு ரத்தத்திலும் கிரியேட்டினின் (மூத்திரத்தில் வெளியேறும் கழிவு) பார்த்து ஒப்பிடணும்.

முடி குட்டையான சிப்பிப்பாறைக்கு ஸ்பிரிட்டே போதும். பொமரேனியனோடு மல்லுக்கட்டுவது தனிக்கதை.

அனுப்பானடி பூனைவீடு:
எங்கள் பூனை மாடியிலிருந்து விழுந்து வாயால் மூச்சு வாங்கியது. எக்ஸ்ரேவுக்கு அமுக்கிப் பிடித்தால் தாங்காது என்று, மூக்கருகே ஆக்ஸிஜனை வைத்து, கூடைக்குள் உட்கார்ந்தபடியே நெஞ்சில் ஸ்கேன் பார்த்தார்கள். மூச்சுக்கு மூச்சு வழுக்கி நகரவேண்டிய நுரையீரல் ஒரு பக்கம் அசையவே இல்லை. நுரையீரலைச் சுற்றிக் காற்று அடைத்திருக்கிறது என்று ஊசி குத்தி அதை இழுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் வாயை மூடிக்கொண்டாள்.

நாகமலைக்காரன்:
இப்போதுதான் பார்த்தார். மூத்திரப்பைப் பக்கம் கறுப்பு வந்திருக்கிறது, மார்க் 1. உறிஞ்சியது ரத்தம்தானாம்.

மேலூர் மாட்டு டாக்டர்:
ஒன்று, இரண்டு என்றால் பெரும்பாலும் ரத்தம் ஏற்றாமலே சமாளித்துவிடலாம். ஆனால் ராத்திரி வீட்டுக்குக் கூட்டிப்போகாதீங்க. மறுபடி பார்க்கச் சொல்வார், பாருங்க.

நாகமலைக்காரன்:
சொல்லிவிட்டார். பாயும் ஸ்வெட்டரும் எடுத்துவரச் சொல்லி வீட்டுக்குப் போன் போட்டாச்சு.