நிலம் சிறியதாக இருப்பதால்தான் நெல்லில் செலவு கூடுகிறதா?

கேள்வி (பாகூர்)
எங்களுக்கு ஒன்றரைக் காணி நஞ்சை, அதாவது ஏறக்குறைய 2 ஏக்கர், மூன்று துண்டுகளாக இருக்கிறது. பக்கத்து நிலங்களையும் குத்தகைக்கு எடுத்து ஐந்து காணியாகச் செய்தால் விதை, உரம், நீர், ஆள்கூலி எல்லாமே சிக்கனமாகும் என்கிறார் என் மைத்துனர். சிறு நிலத்தில்தான் விளைச்சல் அதிகம் என்றும் சொல்கிறார்களே, எதை நம்புவது?

பதில் (காட்டுமன்னார்கோயில்)
செலவும் விளைச்சலும் வெவ்வேறு அளவுகோல்கள், ஐயா. 1950களில் இந்தியாவில் நடந்த பண்ணை மேலாண்மை ஆய்வுகளில் நிலம் சிறுக்கச் சிறுக்க ஏக்கர் விளைச்சல் கூடியதாகத் தெரியவந்தது. சிறு விவசாயி தன் வீட்டு ஆட்களின் உழைப்புக்குக் கூலி கணக்கிடாமல் மேலும் மேலும் உழைப்பைப் போடுவதே காரணம் என்று 1962இல் பொருளியலாளர் அமர்த்தியா சென் விளக்கினார். நடவும் அறுப்பும் கையால் நடந்த காலத்துக் கணக்கு அது. உங்கள் வீட்டாரின் வேலைக்கும் ஊர்க்கூலி போட்டுப் பார்த்தால் லாபம் எவ்வளவு மிஞ்சும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பதில் (சிதம்பரம்)
பரப்பைவிடச் சிதறலே பெரிய செலவு என்பது என் கருத்து. அறுவடை இயந்திரத்துக்கு மணிக்கணக்கில் வாடகை கொடுக்கிறோம். குறுகிய வயலில் அது அறுப்பதைவிடத் திரும்புவதற்கும் வரப்பு தாண்டுவதற்கும் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறது. ஐந்து காணியும் ஐந்து மூலைகளில் கிடந்தால் உங்கள் மைத்துனர் சொல்லும் சிக்கனம் வராது. (குத்தகை நெல்லையும் அவர் கணக்கில் சேர்த்தாரா?)

பதில் (விருத்தாசலம்)
விதைக்கும் உரத்துக்கும் பரப்பு ஒரு பொருட்டே அல்ல. திருந்திய நெல் சாகுபடியில் 14 நாள் நாற்றை ஒற்றையாக 25 செ.மீ. இடைவெளியில் நட்டால், ஏக்கருக்கு சுமார் 3 கிலோ விதையே போதும்; அரைக் காணிக்கும் அதே கணக்குதான். மானிய விலை என்பதற்காக யூரியாவைக் கூடுதலாக வீசுவது சிறியவர், பெரியவர் எல்லோரிடமும் உண்டு. இலையின் பச்சை நிறத்தை ஒப்பிட்டுத் தழைச்சத்து தேவையா என்று காட்டும் இலை வண்ண அட்டையைப் பார்த்து இடுவது நல்லது.

நீர் விஷயம் வேறு. வயலில் துளையிட்ட குழாய் பதித்து, அதற்குள் நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கிய பிறகு பாய்ச்சி, பூக்கும் தருணத்தில் மட்டும் நீரைத் தேக்கி வைக்கும் முறை சொந்த போர் உள்ளவருக்கு எளிது. ஏரிப் பாசனத்தில் மேல்வயல் மடையிலிருந்து உங்கள் வயல் வழியாகவே கீழ்வயலுக்கு நீர் போகுமானால், நீங்கள் மட்டும் காயவிட முடியாது. நிலம் ஒரே தொகுப்பாக இருப்பதன் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது.

கேட்டவர்
மிக்க நன்றி. எங்கள் துண்டுகளில் இரண்டு, குத்தகைக்கு வரும் நிலத்தை ஒட்டியே, ஒரே மடையின் கீழ் இருக்கின்றன. அந்தப் பகுதியை மட்டும் எழுத்து மூலம் ஒரு சம்பா பருவத்துக்கு எடுக்கலாம் என்று மைத்துனரிடம் சொல்லப்போகிறேன்.