பிபியூவில் ஆறு வருடம்: அமெரிக்காவில் டிரவல் நேர்ஸாகப் போக முடியுமா?

களுவாஞ்சி_மிஸ்ஸி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் மட்டக்களப்பு மாவட்டத்தில் அரச வைத்தியசாலை ஒன்றில் தாதி உத்தியோகத்தர். ஆறு வருடமாகப் பிபியூவில்தான் நிற்கிறேன், குறைமாதப் பிள்ளைகளின் பிரிவு. மூக்கு வழியாகக் காற்று அழுத்தும் சிபாப், வென்டிலேட்டர், தொப்புள் லைன், மஞ்சளுக்கு ஒளி வைக்கும் போட்டோதெரபி, ரத்தம் மாற்றுவது எல்லாம் கைப்பழக்கம். இந்த வேலை எனக்குப் பிடிக்கும், அதை முதலே சொல்லிவிடுகிறேன், வெறுத்துப்போய் இதைக் கேட்கவில்லை.

போன மாதம் ஓர் ஏஜென்ட் எங்கள் பக்கம் கூட்டம் வைத்தார். அமெரிக்காவில் டிரவல் நேர்ஸ் என்று ஒரு வேலை இருக்கிறது, 13 வாரம் ஓர் ஆஸ்பத்திரி, முடிந்ததும் வேறு ஊர், என்ஐசியூ, அதாவது பச்சைப் பிள்ளைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவு அனுபவம் இருந்தால் ஆறு மாதத்தில் விசா, பதிவுக்கு மூன்று லட்சம் ரூபாய் கட்டினால் சரி என்றார். என்னோடு வேலை செய்யும் இரண்டு பேர் கட்டிவிட்டார்கள். எனக்கு நாலு வயதில் மகள் இருக்கிறாள், மாமிதான் பார்க்கிறா, வீட்டுக் கடனும் இருக்கிறது.

ஏஜென்ட் சொல்வது உண்மையா? இன்னொன்று, இதுதான் இரவில் தூக்கத்தைக் கெடுக்கிறது: எங்கள் வாட்டில் எந்த லாச்சியில் என்ன இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். தெரியாத இடத்தில், தெரியாத மெஷினோடு, 700 கிராம் பிள்ளையை முதல் நாளே கையில் தந்தால் என்னால் முடியுமா? இந்த வேலை செய்தவர்கள் யாரும் இருந்தால் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

கல்லடிக்காரி பதில்:

தங்கச்சி, முதலில் அந்தக் காசைக் கட்டாதீங்க. மற்றதைப் பிறகு கதைப்போம்.

நான் கல்லடி. கிரீன் கார்ட் லொத்தர் விழுந்து குடும்பமாக டெக்சாஸ் வந்தவள். இங்கே வந்துதான் பரீட்சை எழுதினேன், ஹூஸ்டனில் மூன்று வருடம் ஒரே என்ஐசியூவில் நிரந்தர வேலை, அதற்குப் பிறகு நாலு வருடமாக டிரவல்.

டிரவல் நேர்ஸ் என்று ஒரு விசா கிடையாது. ஆள் குறைந்த ஆஸ்பத்திரி ஏஜென்சி மூலம் 13 வாரத்துக்கு ஆள் எடுப்பதுதான் அது. இவ்வளவு குறுகிய ஒப்பந்தத்துக்கு விசா போட்டு வெளிநாட்டிலிருந்து ஆளைக் கூப்பிட மாட்டார்கள். இந்த வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர்கள், அதுவும் ஒன்றிரண்டு வருட என்ஐசியூ அனுபவம் காட்டினால்தான் கூப்பிடுவார்கள். ஊரிலிருந்து வரும் தாதிக்கு வழமையான பாதை ஈபி-3 என்ற விசா. ஓர் ஆஸ்பத்திரியோ ஏஜென்சியோ உங்களுக்காக விண்ணப்பிக்க வேண்டும், பிறகு வரிசை. அந்த வரிசை எந்தத் திகதியில் நிற்கிறது என்று அமெரிக்க வெளியுறவுத் திணைக்களம் மாதாமாதம் விசா புலட்டினில் போடுகிறது, யாரும் பார்க்கலாம். வருடக் கணக்கில் போகும் வேலை. ஆறு மாதம் என்று சொன்ன ஏஜென்டிடம் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். வந்த பிறகும் கூப்பிட்டவர்களிடம் இரண்டு மூன்று வருடம் கட்டாயம் வேலை, இடையில் விட்டால் பெரிய தொகை கட்டு என்று எழுதிய ஒப்பந்தங்கள் இருக்கின்றன. என்னோடு நின்ற ஒரு பிள்ளை அதை வாசிக்காமல் கையெழுத்து வைத்துவிட்டுப் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

இங்கே தாதி லைசென்ஸ் எடுக்க எழுதும் என்கிளெக்ஸ் பரீட்சைக்கு அமெரிக்கா வரத் தேவையில்லை, சென்னையில் நிலையம் இருக்கிறது. 85 கேள்வியிலிருந்து 150 வரை போகும், ஐந்து மணித்தியாலம், உங்கள் விடையைப் பார்த்து அடுத்த கேள்வியை கம்ப்யூட்டர் தெரிவு செய்யும். கட்டணம் 200 டொலர், வெளிநாட்டில் எழுதுவதற்கு மேலதிகமாக 150. ஆனால் பரீட்சைக்கு முன்னால் நிற்கும் மலை உங்கள் தாதியர் கல்லூரிச் சான்றுகள். எந்தத் துறையில் எத்தனை மணித்தியாலம் படித்தீர்கள், எத்தனை மணித்தியாலம் வாட்டில் நின்றீர்கள் என்று பிரித்துப் பார்ப்பார்கள். அந்தக் கடிதங்களை இப்போதே கேட்டு எடுக்கத் தொடங்குங்கள், எங்கள் ஊரில் ஒரு கடிதம் மேசை விட்டு மேசை போக எவ்வளவு காலம் எடுக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

சரி, வேலைக்கு வருகிறேன். 12 மணித்தியால டியூட்டி, கிழமைக்கு மூன்று. நிரந்தர ஆளுக்குக் கிழமைக் கணக்கில் பழக்குவார்கள், டிரவலுக்கு வந்தவளுக்கு ஒரு டியூட்டி, கூடினால் இரண்டு, அதோடு பிள்ளைகளைத் தந்துவிடுவார்கள். உங்கள் பயம் நியாயமான பயம். நான் எந்தப் புது இடத்துக்குப் போனாலும் பையை வைத்த கையோடு நாலு விஷயத்தைத் தேடுவேன்: மூச்சுக் கொடுக்கும் பேக்கும் மாஸ்க்கும் எங்கே, டியூப் போடும் லாச்சி எங்கே, அவசரத்துக்கு எந்த இலக்கத்தை அமத்துவது, தாய்ப்பாலை யார் யார் சேர்ந்து பெயர் பார்த்துக் கொடுப்பது. கேட்க வெட்கப்பட்டதே இல்லை.

மெஷின் ஒரு கிழமையில் பழகிவிடும். பயப்பட வேண்டியது கணக்குக்கு. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு சின்ன டவுனில் இரண்டாவது இரவு, 680 கிராம் பிள்ளை, மூச்சு நின்று போகாமல் கொடுக்கும் கஃபீன் சிட்ரேட் முதல் டோஸ் கிலோவுக்கு 20 மில்லிகிராம். 13.6 மில்லிகிராம், அவர்களின் மருந்தில் மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராம் என்பதால் 0.68 மில்லிலீற்றர். புள்ளி ஓர் இடம் தள்ளினால் 6.8. சில நாடுகளில் குப்பியில் சிட்ரேட் சேராத வெறும் கஃபீனின், அதாவது பேஸ் அளவைப் போட்டிருப்பார்கள், 10 மில்லிகிராம் பேஸ் என்றால் 20 மில்லிகிராம் சிட்ரேட், அதில் தவறினாலும் இரட்டிப்பாகிவிடும். கடதாசியில் எழுதி, பக்கத்தில் நின்ற மற்ற நேர்ஸைத் தனியாகக் கணக்குப் போடச் சொல்லி, இரண்டும் ஒன்றென்று பார்த்துத்தான் கொடுத்தேன். ‘ஏழு வருடம் செய்த ஆளுக்கு இது தேவையா’ என்று கேட்டாள். தேவைதான், இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறேன்.

அடுத்தது, வாட்டில் பிள்ளைகள் குறைந்தால் முதலில் வேறு வாட்டுக்கு அனுப்புவது டிரவல் நேர்ஸைத்தான். சில வேளை வேலையே இல்லை என்று வீட்டுக்கு அனுப்புவார்கள், ஒப்பந்தத்தில் உத்தரவாத மணித்தியாலம் எழுதியிருக்காவிட்டால் சம்பளமும் இல்லை. 2020, 2021 கொவிட் காலத்துச் சம்பளத்தைக் காட்டி ஆள் பிடிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அது எப்போதோ இறங்கிவிட்டது. லைசென்ஸ் விஷயத்தில், ஒன்றில் எடுத்தது மற்றதிலும் செல்லும்படி 40க்கு மேற்பட்ட மாநிலங்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன, டெக்சாஸ் அதில் ஒன்று என்பதால் எனக்கு அலைச்சல் குறைவு. கலிபோர்னியா அதில் இல்லை, தனியாக எடுக்க வேண்டும், ஆனால் அங்கே என்ஐசியூவில் ஒரு நேர்ஸுக்கு இரண்டு பிள்ளைக்கு மேல் தரக்கூடாது என்று சட்டமே இருக்கிறது.

யாரும் சொல்லாத ஒன்றையும் சொல்கிறேன். நான் போன அன்று 24 கிழமையில் பிறந்த பிள்ளை, என் 13 வாரம் முடியும்போது 37 கிழமை. டியூப் எடுத்து, சிபாப் எடுத்து, போத்தலில் நாலு வாய் குடிக்கத் தொடங்கும் நேரம் நான் பெட்டியைக் கட்ட வேண்டும். அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போவதை நான் பார்ப்பதில்லை. இத்தனை வருடத்தில் இதற்கு மட்டும் எனக்குப் பழக்கம் வரவில்லை.

அக்கரை_தம்பி பதில்:

சகோதரி, நான் அக்கரைப்பற்று, இங்கிலாந்தில் ஐந்து வருடமாக நியோனேட்டல் வாட்டில் நிற்கிறேன். அமெரிக்காதான் என்றில்லாவிட்டால் இந்தப் பக்கத்தையும் யோசியுங்கள். ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சையில் வாசிப்பு, கேட்டல், பேச்சு மூன்றிலும் 7, எழுத்தில் 6.5, இல்லாவிட்டால் ஓஇடி என்ற மற்ற ஆங்கிலப் பரீட்சை. அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் பரீட்சை, வந்த பின் ஒஸ்கி என்ற செய்முறைப் பரீட்சை. வார்த்தையில் தவறினாலும் மன்னிப்பார்கள், கை கழுவ மறந்தால் மன்னிக்க மாட்டார்கள்.

இங்கே டிரவல் நேர்ஸுக்குக் கிட்டத்தட்ட ஏஜென்சி, பேங்க் டியூட்டி என்று இருக்கிறது, ஆள் குறையும்போது மட்டும் கூப்பிடுவது. வந்த உடனே அதற்குப் பாய முடியாது, உங்களைக் கூப்பிட்ட ஆஸ்பத்திரியோடு விசா கட்டியிருக்கும். தீவிர சிகிச்சையில் ஒரு பிள்ளைக்கு ஒரு நேர்ஸ் என்பது இங்கத்தைய அளவுகோல். ஆனால் ஊரில் ஆறு வருடம் செய்தேன் என்றாலும் முதலில் சாதாரண பிள்ளைகளைத்தான் தருவார்கள், கியூஐஎஸ் என்ற பச்சைப் பிள்ளைத் தாதியருக்கான சிறப்புப் படிப்பை முடித்த பிறகுதான் வென்டிலேட்டர் பிள்ளை. எனக்கு முதல் ஆறு மாதம் அது பெரிய வேதனை. ஊரில் ரத்தம் மாற்றிய கை, இங்கே நப்பி மாற்றிக்கொண்டு நின்றது.

ஏஜென்ட் பற்றி: வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு உள்ளவரா என்று அவர்களின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்துக் கேளுங்கள். காசு கட்டிய உங்கள் இரண்டு பேரையும் பற்றுச்சீட்டோடு கேட்கச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற_சிஸ்டர் பதில்:

மகள், நான் 34 வருடம் சேவை செய்து வீட்டில் இருக்கிறேன், பாதிக்கு மேல் பிள்ளைகள் வாட்டில்.

தெரியாத இடத்தில் முடியுமா என்று கேட்டிருக்கிறாய். நீ அம்புலன்ஸில் பிள்ளை கொண்டுபோனதில்லையா? மண்முனைப் பாலம் 2014இல் வந்தது. அதற்கு முன் வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையிலிருந்து வரும் தாய்மாருக்குத் துறையில் பாதை என்ற படகு வரும்வரை காத்து நிற்பதுதான் விதி. ஒரு மாரி காலத்து இரவு, 30 கிழமைப் பிள்ளை, ஒன்றே கால் கிலோ இருக்கும், ஒரு சின்ன ஆஸ்பத்திரியிலிருந்து ஏற்றி வந்தேன். துடைக்காமல் கழுத்துவரை பொலித்தீன் பையில் போட்டு, தலைக்குத் தொப்பி போட்டு, ஒரு கையால் மாஸ்க் பிடித்துக்கொண்டு மற்றக் கையின் இரண்டு விரலைத் தொப்புள்கொடியில் வைத்துத் துடிப்பை எண்ணிக்கொண்டே வந்தேன், ஆட்டத்தில் மொனிட்டர் ஒன்றும் காட்டவில்லை. துடிப்பு 60க்குக் கீழே போனால் வண்டியை நிறுத்தச் சொல்லியிருந்தேன். போகவில்லை. இறங்கிய இடத்தில் எனக்கு ஒருவரையும் தெரியாது, எந்த லாச்சியும் தெரியாது. பிள்ளையைத் தெரியும், அது போதுமாக இருந்தது.

போவதென்றால் போ, நான் மறிக்க மாட்டேன். 2022இல் அரச உத்தியோகத்தருக்கு ஐந்து வருடம் சம்பளமில்லாத லீவு கொடுத்து வெளிநாடு போக விட்டார்கள், இப்போது என்ன சுற்றறிக்கை இருக்கிறது என்று உன் அலுவலகத்தில் எழுத்தில் கேள், வாய்ப் பேச்சை நம்பி வேலையை விடாதே. போகுமுன் ஒரு கொப்பியில் நீ செய்ததை எல்லாம் திகதி போட்டு எழுது, பிள்ளையின் பெயர் வேண்டாம்.

ஒன்று மட்டும் எனக்கு மனவருத்தம். நீங்கள் எல்லாம் மெஷினைப் பற்றியே கதைக்கிறீர்கள். குறைமாதப் பிள்ளையைப் பிறந்த உடனேயே தாயின் நெஞ்சில் கங்காரு முறையில் வைக்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொன்னது, முதலில் இன்கியூபேட்டரில் நிலைப்படட்டும் என்று காத்திருக்கச் சொல்லவில்லை. அதற்கு ஒரு கதிரையும் ஒரு துணியும் பொறுமையான ஒரு மிஸ்ஸியும் வேண்டும். எந்த நாட்டுக்குப் போனாலும் அதைக் கையோடு கொண்டுபோ.

வாகரை_அப்பா பதில்:

நான் தாதி இல்லை, இந்தப் பேச்சைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் மகன் 29 கிழமையில் பிறந்தவன், 1 கிலோ 100 கிராம். மனைவி மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பால் கறந்து சின்னக் கோப்பையில் கொண்டுபோய்க் கொடுப்பா, அதில் 2 மில்லி டியூப்பால் போகும், மிச்சத்தைப் பெயர் ஒட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பார்கள். ஊரிலிருந்து என் அம்மா சுறாப்புட்டு அவித்து அனுப்பிக்கொண்டே இருந்தா.

பன்னிரண்டு நாள் அவன் நெற்றியைத் தொடவே மனைவிக்குப் பயம். அந்த வாட்டு மிஸ்ஸிமார் நல்லவர்கள்தான், ஆனால் மூச்சு விட நேரமில்லாத வேலை. அந்தக் கிழமை வேறு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு மிஸ்ஸி பதில் டியூட்டிக்கு வந்திருந்தா, ஏழு நாளோ என்னவோதான். அவதான் கதிரையை இழுத்துப் போட்டு, வயரை எல்லாம் ஒரு பக்கம் ஒதுக்கி, மனைவியின் சட்டைக்குள் பிள்ளையைத் தவளை மாதிரி படுக்க வைத்தா. ‘இப்ப அவன் நெஞ்சு ஏறி இறங்கிறதை நீங்க மெஷினைப் பார்க்காமல் சொல்லுங்க’ என்றா. மனைவி சொன்னா. அதற்குப் பிறகு அவவுக்குப் பயமில்லை.

அடுத்த கிழமை அந்த மிஸ்ஸி போய்விட்டா, பெயர்கூடச் சரியாகக் கேட்கவில்லை. மகனுக்கு இப்போது ஆறு வயது. கல்லடிக்காரி அக்கா எழுதியதை வாசிக்கும்போது அந்த மிஸ்ஸியைத்தான் நினைத்தேன், பிள்ளை வீட்டுக்குப் போனதை அவவும் பார்க்கவில்லை. போனான், நல்லா இருக்கிறான். அவ எங்கிருந்தாவது வாசித்தால் தெரியட்டும்.

களுவாஞ்சி_மிஸ்ஸி எழுதியது:

எல்லாவற்றையும் இரண்டு தரம் வாசித்தேன், வீட்டுக்காரருக்கும் வாசித்துக் காட்டினேன். காசு கட்டவில்லை. 1989க்கு எடுத்தோம், அந்தப் பெயரில் பதிவு இல்லை என்றார்கள். கட்டிய இரண்டு பேரும் பற்றுச்சீட்டோடு முறைப்பாடு போடப் போகிறார்கள்.

கல்லூரிக் கடிதங்களுக்கு விண்ணப்பம் எழுதிவிட்டேன். என்கிளெக்ஸுக்கு மெதுவாகப் படிக்கத் தொடங்குகிறேன், மகள் முதலாம் ஆண்டுக்குப் போகும்வரை வீட்டை விடுவதில்லை என்று முடிவு. சிஸ்டர், நீங்கள் சொன்ன கொப்பியை நேற்று வாங்கினேன். கல்லடிக்காரி அக்கா, டிரவலுக்குப் போகும்போது திறமைப் பட்டியல் ஒன்று நிரப்பச் சொல்வார்களாமே, அதில் என்ன கேட்பார்கள் என்று தெரிந்தால் கொப்பியையும் அதே ஒழுங்கில் எழுதலாம்.

கல்லடிக்காரி பதில்:

ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஒன்றிலிருந்து நாலு வரை போடச் சொல்வார்கள், ஒன்று என்றால் செய்ததில்லை, நாலு என்றால் மற்றவருக்குப் பழக்குவேன். சிபாப், வென்டிலேட்டர், தொப்புள் லைன், நெஞ்சில் டியூப், ரத்தம் மாற்றுதல், பிள்ளை இறந்தால் தாய் தகப்பனோடு நிற்பது வரை கேட்கும். ரத்தம் மாற்றுவதற்கு நீங்கள் நாலு போடலாம், மட்டக்களப்பில் நின்ற காலத்தில் நான் பார்த்த அளவுக்கு இங்கே பார்க்கவே இல்லை. செய்யாததற்கு ஒன்று போடத் தயங்காதீங்க, கூட்டிப் போட்டால் அந்தப் பிள்ளையையே உங்களிடம் தருவார்கள். பட்டியலைத் தமிழில் எழுதித் தனியாக அனுப்புகிறேன், டியூட்டி முடிந்து வரட்டும்.