அப்பாவின் வாட்ச் துடிப்பு சரியில்லை என்கிறது, ஆஸ்பத்திரி ஈசிஜி நார்மல் என்கிறது. எதை நம்புவது?

தென்காசி மகன்:
வணக்கம். அப்பாவுக்கு 71 வயது, பத்து வருஷமாக பிபி மாத்திரை போடுகிறார். அவரும் அம்மாவும் ஊரில், நான் சென்னையில். கீழே விழுந்தால் எனக்குத் தகவல் வரட்டும் என்றுதான் தீபாவளிக்கு ஒரு ஸ்மார்ட்வாட்ச் வாங்கிக் கொடுத்தேன். இந்த மாதம் இரண்டு தடவை, இரண்டும் ராத்திரியில், துடிப்பு ஒழுங்கில்லாமல் இருக்கிறது, ஏட்ரியல் ஃபைப்ரிலேஷனாக இருக்கலாம் என்று காட்டிவிட்டது. மறுநாளே கூட்டிப்போய் ஈசிஜி எடுத்தோம், நார்மல். டாக்டர் வாட்ச்சைப் பார்க்கக்கூட இல்லை, இதையெல்லாம் நம்பி அலையாதீர்கள் என்று அனுப்பிவிட்டார். இப்போது அப்பா ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து வாட்ச்சையே பார்த்துக்கொண்டிருக்கிறாராம், அம்மா போனில் அழுகிறார். பக்கத்து வீட்டுக்காரர் ஆஸ்பிரின் போடச் சொல்கிறார். வாட்ச்சைக் கழற்றி வைத்துவிடலாமா, இல்லை வேறு டாக்டரிடம் போகலாமா? இதில் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வார்டு அக்கா:
தம்பி, நான் கார்டியாலஜி வார்டில் 14 வருஷம் நர்ஸாக இருந்தவள். ஆஸ்பத்திரி ஈசிஜி நார்மல் என்றால் அந்தப் பத்து விநாடி நார்மல், அவ்வளவுதான் அர்த்தம். ஏட்ரியல் ஃபைப்ரிலேஷன் பல பேருக்கு விட்டு விட்டுத்தான் வரும். ராத்திரி ஒரு மணி நேரம் இருந்துவிட்டு, காலையில் நீங்கள் டோக்கன் வாங்கி உட்காரும்போது காணாமல் போயிருக்கும். அது வரும்போது இதயத்தின் மேல் அறை ஒழுங்காகச் சுருங்காமல் துடிதுடிக்கிறது, ரத்தம் அங்கேயே தேங்கிக் கட்டியாகி மூளைக்குப் போனால் பக்கவாதம். 71 வயது, பிபி வேறு இருக்கிறது, அதனால் சும்மா விடக்கூடாது.

உங்கள் வாட்ச்சில் ஈசிஜி எடுக்கும் வசதி இருக்கிறதா பாருங்கள். இருந்தால், படபடப்பு வரும்போது மற்றக் கை விரலை அதன்மேல் 30 விநாடி வைத்து எடுக்கச் சொல்லுங்கள். அந்தக் கோடு சேமிப்பில் இருக்கும், பிரிண்ட் போட்டு இதய மருத்துவரிடம் காட்டுங்கள். வாட்ச் சொன்னது என்று வாயால் சொன்னால் பல பேர் காது கொடுக்க மாட்டார்கள், காகிதத்தில் கோட்டைப் பார்த்தால் பார்ப்பார்கள். ஹோல்டர் (ஓரிரு நாள் உடம்பில் மாட்டித் துடிப்பைத் தொடர்ந்து பதிவு செய்யும் சின்ன ஈசிஜி கருவி) வைக்கலாமா என்று நீங்களே கேளுங்கள். ஆஸ்பிரின் வேண்டவே வேண்டாம். இந்தக் கோளாறால் வரும் பக்கவாதத்தைத் தடுக்க அது போதாது, ரத்தக்கசிவு ஆபத்து மட்டும் மிச்சம். எந்த மாத்திரை என்று வயது, பிபி, சர்க்கரை எல்லாம் கணக்குப் போட்டு டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

கருவி மெக்கானிக்:
நான் மருத்துவக் கருவிகள் பராமரிப்பில் இருக்கிறேன். வாட்ச் அனுப்பும் எச்சரிக்கையும் விரல் வைத்து எடுக்கும் ஈசிஜியும் ஒன்றல்ல. எச்சரிக்கை பச்சை வெளிச்சத்திலிருந்து வருகிறது. மணிக்கட்டில் ரத்தம் வந்து போவதை அந்த வெளிச்சத்தை வைத்துப் பார்த்து, துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவில் உள்ள இடைவெளியை அளக்கிறது. பட்டை தொளதொளவென்று இருந்தாலோ கை ஆடினாலோ கெட்டுப்போகும். சாதாரணமாக இடையில் வரும் கூடுதல் துடிப்புகூட அதைக் குழப்பலாம்.

ஆப்பிள் வாட்ச்சை வைத்து அமெரிக்காவில் 4,19,297 பேரிடம் நடத்திய ஆய்வு 2019இல் வெளிவந்தது. எச்சரிக்கை வந்தவர்கள் 0.52 சதவீதம்தான். அவர்களில் பிறகு மார்பில் பேட்ச் (பல நாள் ஒட்டியே இருந்து ஈசிஜி பதிவு செய்யும் சின்னக் கருவி) ஒட்டிப் பார்த்தவர்களில் 34 சதவீதம் பேருக்கு ஏட்ரியல் ஃபைப்ரிலேஷன் தெரிந்தது. அப்படியென்றால் மீதிப் பேருக்கு வாட்ச் பொய் சொன்னது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், பேட்ச் ஒட்டியதே எச்சரிக்கைக்குச் சில நாள் கழித்து, அக்கா சொன்ன மாதிரி அதற்குள் போயிருக்கலாம். பேட்ச் ஒட்டியிருக்கும்போதே வந்த எச்சரிக்கைகளில் 84 சதவீதம் பேட்ச்சோடு ஒத்துப்போனது. அதனால் வாட்ச் சொன்னதைக் கிளம்பிப்போய்ப் பரிசோதிக்க வேண்டிய தகவலாக வைத்துக்கொள்ளுங்கள், நோய் உறுதியாகிவிட்டது என்று அப்பாவைப் பயப்பட விடாதீர்கள். இன்னொன்று, மாரடைப்பை இந்த வாட்ச் கண்டுபிடிக்காது. நெஞ்சு வலித்தால் அதைப் பார்த்துக்கொண்டிருக்காமல் 108ஐக் கூப்பிட வேண்டும். இதை அப்பாவிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

கோவை மகள்:
மேலே இரண்டு பேரும் சொல்லாத ஒன்று. அம்மாவுக்கு இதயச் செயலிழப்பு. டிஸ்சார்ஜ் செய்யும்போது ஒரு ஆஸ்பத்திரியில் கையில் கட்டும் கருவி கொடுத்து, ஆக்ஸிஜன், துடிப்பு எல்லாம் எங்கள் கணினிக்கு வந்துவிடும், கவலைப்படாதீர்கள் என்றார்கள். ஒரு ராத்திரி ஒன்றரை மணிக்கு ஆக்ஸிஜன் 88 என்று சிவப்பாகக் காட்டியது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், போன் வரும் என்று நாங்கள் விடியும்வரை காத்திருந்தோம். வரவில்லை. கணினி முன் ஆள் இருப்பது காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரைதான் என்று அப்புறம்தான் தெரிந்தது. அம்மா பிழைத்துக்கொண்டார், ஆனால் அந்த நாலு மணி நேரத்தை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. எந்தக் கருவி கொடுத்தாலும் அதை யார் பார்ப்பார்கள், எந்த நேரத்தில், எந்த அளவுக்குக் கீழே போனால் நாங்கள் யாரைக் கூப்பிட வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். வெறும் வாட்ச் என்றால் உங்களைத் தவிர பார்க்க யாரும் இல்லை.

தென்காசி மகன்:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஆஸ்பிரினை அன்றைக்கே நிறுத்தச் சொல்லிவிட்டேன் (ஒரு மாத்திரை போட்டிருக்கிறார்). திருநெல்வேலியில் ஒரு இதய மருத்துவரிடம் பிரிண்ட்டோடு போனோம், பொறுமையாகப் பார்த்தார். 48 மணி நேர ஹோல்டரில் ஒன்றும் சிக்கவில்லை. இப்போது 14 நாள் பேட்ச் ஒட்டியிருக்கிறார்கள். அதை யாரும் உடனுக்குடன் பார்க்க மாட்டார்கள், கழற்றிக் கொடுத்த பிறகுதான் ரிப்போர்ட் வரும் என்று கோவை சகோதரி சொன்னபடியே கேட்டுத் தெரிந்துகொண்டேன். மயக்கம், நெஞ்சு வலி, வாய் கோணுதல் வந்தால் மட்டும் காத்திருக்காமல் வந்துவிடச் சொன்னார். ஒரே ஒரு சந்தேகம், அப்பா தினமும் காலையில் வயலுக்குப் போய் மோட்டார் போட்டுவிட்டு வருவார். பேட்ச்சோடு போகலாமா, வீட்டிலேயே உட்கார வைக்கவா?

வார்டு அக்கா:
டாக்டர் தனியாகத் தடை சொல்லவில்லை என்றால் போகட்டும் தம்பி. வீட்டில் படுத்தே கிடந்தால் அவருடைய வழக்கமான நாள் பேட்ச்சில் பதிவாகாது. ரொம்ப வியர்த்து ஓரம் கிளம்பாமல் மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அம்மாவிடம் ஒரு நோட்டுக் கொடுத்து, படபடப்பு வந்த நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தார் என்று எழுதச் சொல்லுங்கள். ரிப்போர்ட் வாங்கப் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள்.