வெட்டிய இரண்டாம் நாளே புல்தரை வெளுத்துப்போகிறது: குறை கருவியிலா, பராமரிப்பிலா?

முற்றத்துப்பச்சை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். வீட்டின் முன்புறத்தில் ஏறத்தாழ 60 சதுர மீட்டர் பரப்பில் அருகம்புல் தரை அமைத்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. முதல் ஆண்டு முழுவதும் கண்ணுக்கு நிறைவாக இருந்த தரை, இந்த ஆண்டு ஒவ்வொரு முறை வெட்டிய இரண்டாம் நாளே வெளுத்துவிடுகிறது. சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் வைக்கோல் பரப்பியது போலத் தெரிகிறது.

என்னிடம் இருப்பது மின்சாரத்தில் இயங்கும் சுழல்கத்திப் புல்வெட்டி. வேலை காரணமாக மூன்று வாரத்துக்கு ஒருமுறைதான் வெட்ட முடிகிறது என்பதால், அடுத்த முறை வரை தாங்கட்டும் என்று உயரத்தை மிகக் கீழே வைத்து வெட்டுகிறேன். தினமும் மாலையில் தெளிப்பானைப் பத்து நிமிடம் ஓடவிடுகிறேன். வெளுத்துப்போனதைப் பார்த்து இருமுறை யூரியா தூவினேன். சில இடங்களில் புல் திட்டுத்திட்டாகக் கருகியதுதான் மிச்சம். நடைபாதையை ஒட்டிய ஓரம் கல்லைப்போல் இறுகிக் கிடக்கிறது. மரத்தடியிலோ புல் நிற்கவே மாட்டேன் என்கிறது.

பூஞ்சைக்கொல்லி அடிக்கச் சொல்கிறார் ஒருவர். மண்ணில் துளையிடும் கருவி வாங்கச் சொல்கிறார் மற்றொருவர். எதை முதலில் செய்வது, எந்தக் கருவி உண்மையிலேயே தேவை என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சாணைக்கல் (மறுமொழி 1)

வணக்கம் நண்பரே. எதையும் வாங்குவதற்கு முன் ஒரு சிறு சோதனையைச் செய்யுங்கள். வெட்டிய மறுநாள் காலையில் தரையில் மண்டியிட்டு, நாலைந்து புல்லிதழ்களைக் கிள்ளி எடுத்து, அவற்றின் நுனியை வெளிச்சத்தில் பாருங்கள். கூரான கத்தி வெட்டிய நுனி, கத்தரியால் நறுக்கிய காகித விளிம்பைப்போல் நேராக இருக்கும். மழுங்கிய கத்தி வெட்டுவதில்லை, பிய்க்கிறது. அதனால் நுனி பிசிறு பிசிறாக, வெளிறிய நார்கள் நீட்டிக்கொண்டு நிற்கும். அந்த நார்கள் இரண்டு நாளில் காய்ந்து பழுப்பாகின்றன. தரை முழுவதும் ஒரே சீராக வெளுப்பதற்கு இதுவே மிகப் பொதுவான காரணம். பூஞ்சை நோய்கள் பெரும்பாலும் வட்டமாகவோ திட்டாகவோதான் தொடங்கும். கத்தி ஓடிய இடமெல்லாம் ஒரே நாளில் வெளுப்பது நோயின் இயல்பு அன்று. ஆகவே பூஞ்சைக்கொல்லியை இப்போது நினைக்கவே வேண்டாம். ஆனால் பிய்ந்த நுனி நீரை அதிகம் இழக்கும், நோய்க்கும் வழிவிடும் என்பதால் கத்தியைக் கவனிக்காமல் விட்டால் பிறகு அந்த மருந்தும் உண்மையிலேயே தேவைப்படலாம்.

புல்வெட்டிகள் இரண்டு வகை. 1830-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் எட்வின் பட்டிங் காப்புரிமை பெற்ற முதல் புல்வெட்டி உருளை வகையைச் சேர்ந்தது. நெய்த துணியின் மேல் எழும் பஞ்சிழைகளைச் சீராக நறுக்கும் ஆலை இயந்திரத்தைப் பார்த்து அவர் அதை வடிவமைத்தார். உருளும் கத்திகள் அசையாத ஒரு கத்தியை உரசிச் செல்வதால், கத்தரியைப்போல இருபுறமும் பிடித்து வெட்டும். உங்களுடைய சுழல்கத்தியோ தன் வேகத்தை மட்டுமே நம்பிப் புல்லை அடித்து வெட்டுகிறது. எதிர்ப்புறம் பிடிமானம் கிடையாது. எனவே சுழல்கத்திக்குக் கூர்மை ஒன்றுதான் ஆதாரம். புல் வளரும் பருவத்தில் 20 முதல் 25 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை அதைத் தீட்ட வேண்டும். இடையில் கல்லில் பட்டால் அன்றே.

தீட்டுவது கடினமன்று. முதலில் மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். பெட்ரோல் இயந்திரம் வைத்திருப்பவர்கள் தீப்பொறிச் செருகியின் கம்பியைக் கழற்றிய பிறகே கத்தியைத் தொட வேண்டும். கத்தியின் எந்தப் பக்கம் தரையைப் பார்த்திருந்தது என்று சுண்ணக்கட்டியால் குறித்துக்கொண்டு, கழற்றி, பட்டறைப் பிடியில் இறுக்கி, ஏற்கெனவே உள்ள சாய்வை (பெரும்பாலும் 30 பாகை அளவு) மாற்றாமல் தட்டை அரத்தை முன்னோக்கி மட்டும் தள்ளித் தீட்டுங்கள். சவரக்கத்தியைப்போல் மெலிய வேண்டியதில்லை. மெலிந்த விளிம்பு சீக்கிரம் மடங்கும். வெண்ணெய் எடுக்கும் கத்தியின் கூர்மை போதும்.

அதன் பிறகு செய்யும் ஒன்றைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள், நானும் ஒருகாலத்தில் விட்டிருக்கிறேன். கத்தியின் நடுத்துளையை ஓர் ஆணியில் மாட்டித் தொங்கவிட்டால் அது கிடைமட்டமாக நிற்க வேண்டும். ஒரு பக்கம் தாழ்ந்தால், தாழ்ந்த பக்கத்தை இன்னும் சற்று அராவ வேண்டும். சமன் பார்க்காமல் நான் பூட்டிய கத்தி நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுழன்றபோது எழுந்த அதிர்வில், இயந்திரத்தின் தாங்கி இரண்டே மாதத்தில் தேய்ந்துவிட்டது. கைப்பிடியில் வழக்கத்தைவிட அதிகமான நடுக்கம் தெரிந்தால் அதே கணத்தில் நிறுத்திவிடுங்கள்.

அடுத்தது உயரம். ஒரு முறையில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக்கூடாது என்பது புல்தரை வளர்ப்போர் அனைவரும் ஒப்புக்கொண்ட விதி. 3 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்திருக்க விரும்பினால், 4.5 சென்டிமீட்டரை எட்டும்போதே வெட்டியாக வேண்டும். நீங்கள் மூன்று வாரம் வளரவிட்டு அடியோடு வெட்டும்போது பச்சை இலை முழுவதும் போய், வெயிலே படாத வெளிறிய தண்டுதான் மிஞ்சுகிறது. புல் தன் உணவை இலையில்தான் ஆக்குகிறது. பாதிக்கு மேல் இலையை இழந்தால் வேரின் வளர்ச்சி சில நாள் நின்றேபோகிறது. அடுத்த முறை வரை தாங்கட்டும் என்று நீங்கள் செய்வது, ஒவ்வொரு முறையும் வேரைக் குட்டையாக்கி, அடுத்த வெயிலைத் தாங்கவிடாமல் செய்கிறது. வளரும் பருவத்தில் வாரத்துக்கு ஒருமுறையேனும் வெட்ட வழி பாருங்கள். 60 சதுர மீட்டருக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. அதுவும் இயலாதென்றால் உயரத்தைக் கூட்டி வைப்பதே வழி, குறைப்பதன்று. ஈரத்தில் வெட்ட வேண்டாம். வெட்டும் திசையையும் முறைக்கு முறை மாற்றுங்கள், இல்லையேல் புல் ஒருபக்கமாகச் சாய்ந்து பழகிவிடும்.

வேரடிமண் (மறுமொழி 2)

கத்தியைப் பற்றி மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் தினமும் மாலையில் பத்து நிமிடம் என்ற வரியைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. இரவு முழுவதும் இலை ஈரமாக நிற்பது பூஞ்சைக்கு விருந்து. மேலும், தினமும் மேலோட்டமாக நனைத்தால் வேருக்குக் கீழே இறங்க வேண்டிய தேவையே வருவதில்லை.

தெளிப்பான் எவ்வளவு பொழிகிறது என்பதை முதலில் அளந்துவிடுங்கள். ஒரே அளவுள்ள, நேர்ச்சுவர் கொண்ட ஐந்தாறு காலி டப்பாக்களைத் தரையில் ஆங்காங்கே வைத்துப் பத்து நிமிடம் ஓடவிட்டு, ஒவ்வொன்றிலும் எத்தனை மில்லிமீட்டர் நீர் நிற்கிறது என்று அளவுகோலால் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் என்பது சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். வளரும் பருவத்தில் மழையையும் சேர்த்து வாரத்துக்கு 25 மில்லிமீட்டர் என்பது பொதுவான கணக்கு. அதை இரண்டு முறையாகப் பிரித்து விடியற்காலையில் கொடுங்கள். களிமண்ணாக இருந்து நீர் வழிந்தோடினால் சற்று நிறுத்தி, மண் குடித்த பிறகு மீண்டும் விடுங்கள். நடந்து சென்ற காலடித் தடத்தில் புல் நிமிராமல் கிடந்தாலோ, பச்சை மங்கி நீலச் சாம்பல் படர்ந்தாலோ, அதுதான் தண்ணீர் கேட்கும் அடையாளம்.

இறுகிய ஓரத்துக்கு வருகிறேன். நீண்ட திருப்புளி ஒன்றை மண்ணில் குத்துங்கள். ஈரமான மண்ணிலும் உள்ளங்கை வலிக்க அழுத்தினால்தான் இறங்குகிறது என்றால் அங்கே மண் இறுகியிருக்கிறது. துளையிடும் கருவியில் உள்ளீடற்ற குழாய்ப்பல் கொண்டதையே தேர்ந்தெடுங்கள். அது விரலளவு மண்கட்டியை வெளியே எடுத்துப்போடும். வெறும் ஆணிப்பல் கருவியும், காலில் கட்டிக்கொள்ளும் ஆணிச் செருப்பும் மண்ணை எடுப்பதில்லை, பக்கவாட்டில் மேலும் நெருக்குகின்றன. உங்கள் ஓரத்துக்குக் காலால் மிதித்து இறக்கும் குழாய்ப்பல் முள்கரண்டி போதும். மோட்டார் இயந்திரம் வேண்டியதில்லை. புல் விறுவிறுப்பாக வளரும் காலத்தில், மண் ஈரமாக இருக்கும்போது, 7 அல்லது 8 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குத்தி, வெளிவந்த கட்டிகளைக் காயவிட்டு வாரியின் முதுகால் உடைத்து அங்கேயே பரப்புங்கள். மேலே மணலைக் கொட்டச் சொல்வார்கள். களிமண் மேல் மணல் தனி அடுக்காக நின்று நீரோட்டத்தைக் கெடுக்கும், வேண்டாம்.

யூரியாவில் 46 விழுக்காடு தழைச்சத்து. ஒரு முறைக்குச் சதுர மீட்டருக்கு 5 கிராம் தழைச்சத்துதான் மேல்வரம்பு. அதாவது 11 கிராம் யூரியா, உங்கள் தரை முழுவதற்கும் 660 கிராம். கைப்பிடி கைப்பிடியாக வீசினால் விழுந்த இடம் கருகத்தான் செய்யும். நிறுத்துப் பாதியாக்கி, ஒரு பாதியை நெடுக்காகவும் மறு பாதியைக் குறுக்காகவும் நடந்தபடி, இலை உலர்ந்திருக்கும்போது தூவி, உடனே நீர் பாய்ச்சுங்கள். ஆனால் அடுத்த இரண்டு மாதத்துக்கு உரமே வேண்டாம் என்பது என் கருத்து.

நிழல்மரம் (மறுமொழி 3)

மரத்தடியைப் பற்றி மட்டும். அருகம்புல் முழு வெயில் கேட்கும் இனம். அங்கே எந்தக் கருவியும் உரமும் உதவாது. கீழ்க்கிளைகளைக் கழித்து வெயிலை உள்ளே விடலாம். இல்லையென்றால் அந்த வட்டத்தைப் புல்லிலிருந்து விடுவித்து மரப்பட்டைத் தூளோ நிழல்தாங்கும் செடிகளோ பரப்பிவிடுங்கள். நான் ஆறு ஆண்டு போராடிய பிறகே இதை ஏற்றுக்கொண்டேன்.

வெட்டிய புல்லைப் பற்றி யாரும் எழுதவில்லை. சிறு துணுக்காக இருந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். அதில் பெரும்பகுதி நீர், விரைவில் மட்கித் தழைச்சத்தைத் திருப்பித் தரும். அதனால் மெத்தை, அதாவது மண்ணின் மேல் படியும் மட்காத அடுக்கு, சேரும் என்பது தவறான அச்சம். மெத்தையாகச் சேர்வது மட்காத ஓடுதண்டும் வேரும்தான். பழைய கத்தியால் தரையில் ஓர் ஆப்பு வெட்டி எடுத்துப் பாருங்கள். பச்சைக்கும் மண்ணுக்கும் நடுவே உள்ள பழுப்பு அடுக்கு 1.25 சென்டிமீட்டரைத் தாண்டினால் மட்டுமே அதைக் கீறி வாரியெடுக்கும் கீறுவாரி தேவை.

முற்றத்துப்பச்சை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று காலையிலேயே பார்த்துவிட்டேன். புல் நுனி நீங்கள் சொன்னபடியே பிசிறாக, பழைய தூரிகையின் முனையைப்போல் இருக்கிறது. பழுப்பு அடுக்கு ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. டப்பாக்களில் நடுவே 5 மில்லிமீட்டர், பெரும்பாலானவற்றில் 3, நடைபாதை ஓரத்தில் ஒன்றுதான். இறுகியது என்று நான் எண்ணிய அதே ஓரம்தான் அது. கத்தியில் ஓரிடத்தில் கல் பட்ட பள்ளம் இருக்கிறது. அதன் அடியில் மயிரிழை போன்ற ஒரு கோடும் தெரிகிறது. தீட்டலாமா?

வேரடிமண்

சராசரி 3 மில்லிமீட்டர் என்றால் வாரத்துக்கு 21. நீரின் அளவில் பெரிய குறை இல்லை. அதை ஏழாகப் பிரித்து மாலையில் கொடுத்ததுதான் குறை. தெளிப்பானை நடைபாதைப் பக்கம் நகர்த்தி மீண்டும் அளந்து பாருங்கள். அந்த ஓரம் காய்ந்ததால் மட்டுமே கெட்டியாகத் தெரிகிறதோ என்னவோ. நன்றாக நனைந்த மறுநாள் திருப்புளியால் குத்திப் பார்த்த பிறகு குழாய்ப்பல் கருவியை வாங்குவது பற்றி முடிவு செய்யலாம்.

சாணைக்கல்

அந்தக் கோடு விரிசல். அதைத் தீட்டாதீர்கள், அந்தக் கத்தியை இனி ஒருமுறைகூட ஓட்டாதீர்கள். சுழலும்போது உடைந்தால் துண்டு எங்கே பாயும் என்று சொல்ல முடியாது. உங்கள் இயந்திரத்தின் மாதிரி எண்ணுக்குரிய புதுக் கத்தியையும், மரை தேய்ந்திருந்தால் புதுத் திருகாணியையும் வாங்கிப் பூட்டுங்கள். பள்ளம் மட்டும் இருந்திருந்தால் அராவி எடுத்திருக்கலாம். புதுக் கத்தியோடு வெட்டும் முதல் முறை உயரத்தை 5 சென்டிமீட்டரில் வையுங்கள். தண்டில் கீழிருந்து புது இலை விட்டுத் தரை மூடிய பிறகு, ஒவ்வொரு வாரமும் அரை சென்டிமீட்டராக இறக்கி மூன்றரையில் நிறுத்திக்கொள்ளுங்கள்.