ஃபர்னஸ் திடீரென்று போய்விட்டது: வாடகைக்கு எடுப்பதா, வாங்குவதா?

ஸ்காபரோ_மல்லிகை:
எல்லோருக்கும் வணக்கம். நேற்றுப் பின்னேரம் வீடு குளிர்கிறதே என்று பார்த்தால் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் ஓடவில்லை. வந்த டெக்னீஷியன் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் (உள்ளே காற்றைச் சூடாக்கும் உலோகப் பகுதி) வெடிப்பு, கீறல் என்று, ஓட்டக் கூடாது என்ற சிவப்பு டாக் கட்டி, காஸையும் நிறுத்திவிட்டுப் போய்விட்டார். வெளியே மைனஸ் 17. 2004இல் வீட்டோடு வந்த ஃபர்னஸ், ஏசிக்கும் அதே வயது. புது ஃபர்னஸ் 5,800 டொலராம், ஏசியும் சேர்த்தால் 10,400, அதற்கு மேலே எச்எஸ்டி விற்பனை வரி. கையில் இருப்பது 3,000. சீட்டு ஆனியில்தான் முடியும், இப்போது கூறி எடுத்தால் கழிவு நிறையப் போய்விடும். அதே ஆள்தான் "இப்ப காசே வேண்டாம் அக்கா, மாதம் 119 வாடகை கட்டுங்கோ, நாளைக்கே பூட்டித் தாறம்" என்கிறார். பேஸ்மென்டில் வாடகைக்கு இருப்பவர்களுக்குக் கைப்பிள்ளை வேறு. என் கணவருக்கு 119 சரி என்று படுகிறது, எனக்கு மனம் ஒப்பவில்லை.

பழைய_கடன்காரன்:
கையெழுத்து வைக்காதீர்கள் அக்கா. நான் 2016இல் வைத்தவன். கதவு தட்டி வந்தார்கள், அப்போது அதற்குத் தடையில்லை. ஒன்ராறியோவில் 2018 மார்ச்சில்தான் ஃபர்னஸ், ஏசி எல்லாவற்றையும் அப்படி வீடு வீடாக விற்கக் கூடாது என்றார்கள். என் கொன்ராக்டின் பின்பக்கத்தில் வருடம் 3.5 வீதம் கூடும் என்று எறும்பு எழுத்தில் இருந்தது. உங்கள் 119ஐ அப்படிக் கூட்டிப் பார்த்தேன், 10 வருடத்தில் 16,700க்கு மேலே, எச்எஸ்டியோடு 18,900. வீட்டை விற்கப் போனபோதுதான் உறுதியின் மேல் அவர்கள் ஒரு நோட்டீஸ் பதிந்து வைத்திருப்பது தெரிந்தது, மொத்தமாக ஒரு தொகை கட்டித்தான் வெளியே வந்தேன். அந்தப் பதிவை 2024 ஜூனில் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள், ஆனால் மாதக் காசு மாதக் காசுதான். ஒருவேளை வீட்டில் வைத்து ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால், பிரதி கைக்கு வந்து 10 நாளுக்குள் ரத்துச் செய்யலாம்.

குழாய்_தம்பி:
இந்த வேலையில் எனக்கு 14 வருடம். முதலில் இரண்டு நாள் அவகாசம் தேடிக்கொள்ளுங்கள் அக்கா, அவசரத்தில்தான் எல்லோரும் ஏமாறுவது. 1500 வாட் ஹீட்டர் மூன்று நாலு வாங்குங்கள், ஒரு பிரேக்கருக்கு ஒன்றுதான்: 15 ஆம்ப் லைன் 1800 வாட்தான் தாங்கும், கூடவே கேத்திலைப் போட்டால் அந்தப் பக்கம் இருட்டு. எக்ஸ்டென்ஷன் வயரில் கொழுவ வேண்டாம். முதல் ஹீட்டர் பேஸ்மென்டுக்கு, வாடகைக்கு விட்டால் 21 பாகை கொடுக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. தண்ணீர் உறையாமல் இருக்கப் பைப்பை நூல் மாதிரி ஓட விடுங்கள்.

டாக்கைக் கழற்றி ஒரு இரவு ஓட்டலாமா என்று யோசிக்கவே கூடாது, வெடிப்பால் வருவது கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயு, மணமும் இல்லை நிறமும் இல்லை. ஆனால் வெடிப்பைப் படம் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் வேறு ஆளைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்று பேரிடம் விலை கேட்கும்போது "எத்தனை பிடியு, ஏன் அவ்வளவு?" என்று கேளுங்கள், பிடியு என்பது ஃபர்னஸ் தரும் சூட்டின் அளவு. பழையதில் 100,000 என்று இருந்தது, அதையே போடுவோம் என்பவர் கணக்குப் பார்க்கவில்லை. வீடு 1,700, 1,800 சதுர அடி என்றால் அநேகமாக 60,000 போதும். பெரிதைப் போட்டால் ஐந்து நிமிடம் ஓடும், நிற்கும், திரும்ப ஓடும், சீக்கிரம் தேயும். இன்னொன்று, புதியவை பிளாஸ்டிக் குழாயால் சுவர் வழியே புகையை விடும், அப்போது சுடுதண்ணீர் டாங்க் மட்டும் பழைய சிம்னியில் தனியாக மிஞ்சும். அதற்கு லைனர் (சிம்னிக்குள் இறக்கும் ஒடுக்கமான குழாய்) தேவைப்பட்டால் விலைக்குள் அதுவும் அடக்கமா என்று எழுத்தில் வாங்குங்கள். கடைசி நாளில்தான் அது வெளியே வரும்.

ஏசியின் கொயில் (கும்பிடுகிற கோயில் இல்லை, குளிர வைக்கும் குழாய்ச் சுருள்) ஃபர்னஸின் தலைமேல்தான் இருக்கிறது, இரண்டையும் ஒன்றாக மாற்றினால் கூலி கொஞ்சம் மிச்சம், அது உண்மைதான். அந்த மிச்சத்துக்காக இந்தக் குளிரில் இன்னொரு 4,600 கடன் தேவையில்லை.

கணக்குப்பிள்ளை:
5,800க்கு எச்எஸ்டியோடு 6,554. உங்கள் 3,000 போக 3,554தான் பிரச்சினை. டிஎஃப்எஸ்ஏயில் (வரியில்லாச் சேமிப்புக் கணக்கு) ஏதாவது கிடந்தால் முதலில் அதை எடுங்கள், எடுத்த அளவைத் திரும்பப் போடும் இடம் அடுத்த ஜனவரியில் கிடைக்கும். ஓய்வுகாலச் சேமிப்பான ஆர்ஆர்எஸ்பியைத் தொடாதீர்கள், 5,000க்குள் எடுத்தாலும் 10 வீத வரியை அங்கேயே பிடித்துவிட்டு, பிறகு வருமானத்தோடும் சேர்ப்பார்கள். மிச்சத்துக்கு வீட்டின் மேல் லைன் ஒஃப் கிரெடிட் (வேண்டியபோது எடுத்து அடைக்கும் வங்கிக் கடன்) இருக்கிறதா? 19.99 வீதக் கடனட்டையை விட எவ்வளவோ மேல். சீட்டை இப்போது கூற வேண்டாம், ஆனியில் முழுசாக எடுத்து அந்த லைனை அடைத்துவிடுங்கள். ஏசிக்கு இந்த மாதமே ஒரு கணக்கைத் திறந்து 70 போடத் தொடங்குங்கள். ஃபர்னஸ், ஏசி இரண்டுக்கும் 12,000 என்று வைத்து 15 வருடத்துக்குப் பிரித்தால் மாதம் 67தான் வருகிறது, நாங்கள் ஒருவரும் அதைப் போடுவதில்லை, நானும்தான்.

ஸ்காபரோ_மல்லிகை:
எல்லோருக்கும் நன்றி. வெடிப்பு உண்மைதான், இரண்டாவதாக வந்தவர் ஃபோனில் படம் எடுத்துக் காட்டினார், தலைமயிர் அளவுக் கோடு. அவர் அறை அறையாக அளந்து 60,000 என்றார், லைனரோடு 5,250, வரி சேர்த்தால் 5,932. டிஎஃப்எஸ்ஏயில் 1,900 கிடந்தது, இவருக்கு மறந்தே போய்விட்டதாம்! மிச்சம் ஆயிரத்துச் சொச்சம் லைனில். நாளை காலை எட்டு மணிக்கு வருகிறார்கள். இன்றிரவு பேஸ்மென்ட் ஆட்களும் மேலே வந்துவிட்டார்கள், பிள்ளை எங்கள் கம்பளிக்குள் நித்திரை. 119காரர் இதுவரை மூன்று தரம் ஃபோன் எடுத்துவிட்டார்.